வலப்பக்கப் பெட்டியின் வேகம்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற சின்ன நிறுவனம். சர்வர் வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்தான்: நானும், மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வருகிற, என்னைவிட ஐந்தாறு வயது சிறிய ஒருத்தியும்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பாட வீடியோக்களை எங்கள் சர்வரிலிருந்தே தருவதாக ஓனர் ஒப்புக்கொண்டிருந்தார். அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் லினக்ஸைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அவள் ஃப்ரீபிஎஸ்டியைத் தானாகவே படித்துப் பழகியவள். இரண்டுமே யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருக்கிற நிரலைப் படித்தும் பார்க்கலாம். ஆனால் நெட்வொர்க்கில் எது வேகம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

"பேசிட்டே இருந்தா இன்னா தெரியும்க்கா? போட்டே பாத்துடலாம்" என்றாள்.

ஒரே மாதிரி இரண்டு பழைய சர்வர்கள் கிடைத்தன. இடப்பக்கப் பெட்டியில் லினக்ஸ், வலப்பக்கப் பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி. மூன்றாவது கம்ப்யூட்டரிலிருந்து இரண்டுக்கும் மாற்றி மாற்றி டேட்டா அனுப்பினோம். லினக்ஸ், லைன் தாங்குகிற அளவுக்குக் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடியது. ஃப்ரீபிஎஸ்டி பாதியைக்கூட எட்டவில்லை. எத்தனை தரம் ஓட்டினாலும் அதே கதை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ வித்தியாசம் வராதுக்கா. வேற ஏதோ இருக்குது."

பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பம் அவளுடையது. ஐந்து மணி பஸ்ஸை விடமாட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் படி இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஓனருக்கு மெயில் அனுப்பினேன்: லினக்ஸ்தான் வேகம், சந்தேகமே இல்லை. எழுதும்போது ரொம்ப சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை அவளிடம் மெயிலைக் காட்டினேன். படித்தாள். கோபப்படவில்லை, முகம் மட்டும் சுருங்கியது.

"ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி மாத்திப் போட்டுப் பாக்கலாமா?"

"அதான் முடிஞ்சிடுச்சே" என்றேன்.

"ஒரு தடவக்கா."

மாற்றிப் போட்டோம். இப்போது லினக்ஸ் வலப்பக்கப் பெட்டியில். ஓட்டினோம். லினக்ஸ் பாதிக்கும் கீழே தவழ்ந்தது. இடப்பக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டி முழு வேகத்தில் ஓடியது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதிகமாக இருந்தது. கேபிளை மாற்றினோம், நெட்வொர்க் சுவிட்சில் வேறு போர்ட்டில் குத்தினோம். வேகம் அசையவில்லை. கடைசியில் இரண்டு பெட்டிகளையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம்.

வலப்பக்கப் பெட்டியில் நெட்வொர்க் கார்டு வேறு ஸ்லாட்டில் செருகியிருந்தது. பார்க்க இரண்டு ஸ்லாட்டும் ஒரே நீளம். அவள் போர்டில் பொடியாக அச்சிட்டிருந்ததை போன் வெளிச்சத்தில் படித்தாள். அந்த ஸ்லாட்டில் டேட்டா போகிற பாதைகள் குறைவு, அதனால்தான் அந்தப் பெட்டியில் எதைப் போட்டாலும் பாதி வேகம். அந்தக் கார்டைச் செருகியது நான்தான்.

சரியான இடத்துக்கு மாற்றி முதலிலிருந்து ஓட்டினோம். பெரிய வீடியோ அனுப்பினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. துண்டு துண்டாகச் சின்னப் பாக்கெட்டுகள் நிறைய அனுப்பினால் லினக்ஸ் கொஞ்சம் முந்தியது. அவள் பிராசஸர் செட்டிங் ஒன்றை மாற்றியதும் ஃப்ரீபிஎஸ்டி முந்தியது. நான் என் பக்கம் ஒன்றை மாற்றினேன், மறுபடி லினக்ஸ். மதியச் சாப்பாட்டை மறந்து இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறித் திருகிக்கொண்டிருந்தோம்.

மூன்று மணிக்கு ஓனர் அறைக்குப் போனேன். "அண்ணா, நேத்து அனுப்பின மெயில் தப்பு. கார்டை நான்தான் தப்பான ஸ்லாட்டுல போட்டிருந்தேன்."

"அப்ப எதும்மா ஃபாஸ்ட்டு?"

"நம்ம வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணா."

"ஒண்ணு மக்கர் பண்ணா, ரெண்டு பேர்ல யார் வேணாலும் சரி பண்ணுவீங்களா?"

லினக்ஸ் என்றால் பண்ணுவோம் என்றேன். அவளுக்கு லினக்ஸும் தெரியும். எனக்கு ஃப்ரீபிஎஸ்டியில் சர்வரை ஒழுங்காக நிறுத்தக்கூடத் தெரியாது. அதனால் பள்ளி வீடியோக்களுக்கு லினக்ஸ் என்று முடிவானது. மற்றதை மாற்று சர்வராக வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் கேட்டேன், அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது காலையில் முதல் அரைமணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தச் சின்னப் பாக்கெட் விஷயத்தில் ஒரு செட்டிங் ஏன் அப்படிப் புரட்டிப் போடுகிறது என்று இரண்டின் உள்ளேயும் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் புரிந்திருக்கிறது.