செவிட்டு நாய்த் தெரு

கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் என் கணவருக்கும் ஊர்ப் பெயரில்தான் சண்டை. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், அவருக்கு ராஜபாளையம். புத்தூர் என்றால் புது ஊர் என்பேன் நான். "புத்து இருந்த ஊரு, பாம்புப் புத்து" என்பார் அவர்.

வன்னியம்பட்டிப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனபோது எங்கள் தெருவுக்குப் பெயரே இல்லை. காவலுக்கென்று அவர் தன் ஊரிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டி வாங்கி வந்தார். அதற்குக் காது கேட்காது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு மதியம் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் தட்டிப் பார்த்தார். நாய் எழவில்லை. சாதுவான நாய் என்று நம்பி உள்ளே வந்து சிலிண்டரை இறக்கிவிட்டுத் திரும்பினார். அப்போது அது கண்ணைத் திறந்தது. நான் ஓடி வந்தபோது அவர் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரமா கேட்டத் தட்டுனேன்க்கா. இதுக்குக் காது கேக்காதா?"

"கேக்காதுப்பா."

மறுநாளே டீக்கடையில் எங்கள் தெரு 'செவிட்டு நாய்த் தெரு' ஆகிவிட்டது. ஆட்டோ, கூரியர், பால்காரர் எல்லோருக்கும் அதுதான் பெயர்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. தெருக்காரர்களைக் கூட்டினார். சர்ச்சுக்குப் போகும் அவர் கர்மேல் தெரு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் முருகன் தெரு என்றார். கடைசியில் யாருக்கும் கோபம் வராதபடி மல்லிகைத் தெரு என்று பலகை வைத்தார்கள். தெருவில் ஒரு மல்லிகைக் கொடிகூடக் கிடையாது.

அண்ணாச்சியின் மகளைப் பெண் பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வந்தவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள். மல்லிகைத் தெருவை ஒருவருக்கும் தெரியவில்லை. போனும் கையுமாக வாசலில் நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீக்கடையில செவிட்டு நாய்த் தெருன்னு கேளுங்க. காட்டிருவாவ."

உடனே வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கியதும், "நாய் எங்க?" என்றார். நான் எங்கள் கேட்டைக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "எங்க ஊருப் பேருல ஒரு தளவாய் இருக்காரு. பெரிய படைத்தலைவரு. அவரு எப்படி இருப்பாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒங்க தெருவுக்குப் பேரு குடுத்தவர நேர்லயே பாத்தாச்சு."

உள்ளே இருந்த பெண் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று.

பத்திரிகை வைக்க வந்த அண்ணாச்சி, முகவரியை விரலால் தொட்டுக் காட்டினார். மல்லிகைத் தெருவுக்குக் கீழே, 'செவிட்டு நாய் வீட்டுக்கு எதிரில்' என்று அச்சாகியிருந்தது.

"வாரவுக அலையக் கூடாதுல்லா" என்றார்.