தூத்துக்குடிக்குப் போன கிணற்று மீன்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே நெசவு செய்யும் நண்பர் சுப்பையா மீன் விருந்துக்கு அழைத்திருந்தார். கடற்கரைக்காரனைக் கிணற்று மீன் தின்னக் கூப்பிடுகிறாரே என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

பந்தல்குடியில் ஒரு விவசாயி ஈரச்சாக்கோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாக்கில் கெண்டை மீன். விசாரித்தால், அவரும் சுப்பையா வீட்டுக்குத்தான் வருகிறார்.

“அவுக கிணத்து மீனு கைவிட்டுட்டா சம்பந்தி முன்னாடி மானம் போயிருமாம். வீட்டம்மாவுக்குத் தெரியாம கொண்டாரச் சொன்னாரு” என்றார்.

இவரும் சுப்பையாவும் ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகளைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். இவர் குளத்து மீனுக்குத் தவிடும் பிண்ணாக்கும் தவறியதில்லை. சுப்பையா கிணற்று மீனுக்கு, தறியேற்றுமுன் பாவு நூல் விறைக்கக் காய்ச்சும் கஞ்சியில் ஒரு பங்குதான் தீனி. போன வருஷம் நூல் வரத்து நின்று தறி ஓயவும், கிணற்றுக்கும் கஞ்சி நின்றது. ஆடியில் நானே பார்த்தேன். மீன்கள் தலை மட்டும் பெருத்து, உடம்பு ஒட்டிக் கிடந்தன. அந்தக் கஷ்டத்தில்தான் மகள் கல்யாணம். ரசஞ்சோறு தின்றுவிட்டுத் திருச்சுழிக்குக் கிளம்பிய சம்பந்திகளிடம், நூல் வந்ததும் எங்கள் கிணற்று மீனில் விருந்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் சுப்பையாவின் மனைவி நாகம்மாள். இன்று மதியம் அவர்கள் வருகிறார்கள்.

ஒன்பது மணிக்குத் தெருவில் நுழைந்தோம். நெடுகப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள்; தறி மறுபடி ஓடுகிறது. பார்க்கவே மனசு நிறைந்தது. பின்பக்கம் கிணற்றடியில் நாகம்மாள் நின்றாள். புரட்டாசியில் நூல் வந்ததிலிருந்து, நூல் பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்குமுன், அது மீனுக்கு விஷம் என்று, மீனுக்குள்ள கஞ்சியைத் தனியே எடுத்துவிடுவாளாம். பட்டினி கிடந்த வயிறு என்று முதலில் ஒரு கைதான் போட்டாளாம். பிறகு அவள் நிழல் விழுந்தாலே மீன் மேலே வந்துவிடுமாம்.

சுப்பையா வலையை இறக்கினார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் வந்தது ஒரு கெண்டை. பந்தல்குடிக்காரர் பதற்றத்தில் ரகசியத்தை மறந்து, தன் மீனை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சாண் போட்டு அளந்தார். வால் பக்கம் கொஞ்சம் மெலிவு. மற்றபடி இரண்டும் ஒன்றே.

“நான் வருசம் பூரா போட்டேன். இது நாலு மாசத்துல எட்டிப் பிடிச்சிருச்சே” என்றார்.

நாகம்மாள் சாக்கைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சுப்பையா வானத்தைப் பார்த்தார். பந்தல்குடி மீனுக்கு அன்று அடுப்படியில் இடம் கிடைக்கவில்லை.

மதியம் சம்பந்தியம்மாள் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். தங்கள் தோட்டத்துக் கிணற்றிலும் குஞ்சு விடவேண்டும் என்றார். நாகம்மாள் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நானும் முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்தேன்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, உப்பும் மஞ்சளும் தடவி வாழையிலையில் சுற்றிய கிணற்று மீன் ஒன்றை என் கையில் திணித்தாள்.

“ஒங்க ஊர்க்காரவுகளும் பாக்கட்டும்ண்ணே” என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்கே மீனா என்று சிரித்தார். காலையில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

“அருப்புக்கோட்டை மீனு. பட்டினி கெடந்து பொழச்சது” என்று சொல்லி, பொட்டலத்தை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.