நான்காவது கிளாஸ்

கடற்கரையில் பீர் குடித்த கதை என்றால் எங்கள் ஃபேக்டரியில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் இன்றும் சிரிப்பு வராது.

குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் நான் டேஸ்டர். காலையில் வரிசையாகக் கப்பு வைப்பார்கள். ஸ்பூனில் அள்ளி, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, தொட்டியில் துப்பிவிட்டு, இது கருகல், இது பச்சை வாடை, இது அனுப்பலாம் என்று மார்க் போட வேண்டும். விழுங்கக் கூடாது. இந்த வேலைக்கு நாக்கை விட மூக்குதான் முக்கியம். அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. வாசம் மட்டும் திரும்பவில்லை. இனிப்பு, கசப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரியும். மற்றபடி மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். டாக்டரைக் கேட்டால் "வந்தாலும் வரும், பொறுங்க" என்றார். அது ஒரு பதிலா? எரிச்சலாக வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் கூட. இருபது வருடமாகத் தெரிந்த ஒரே வேலை இது. மூக்குப் போன டேஸ்டரை எதற்கு வைத்திருப்பார்கள்?

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். டேஸ்டிங் ரூமில் எனக்குக் கப்பு வைப்பது ஓர் அக்கா. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், இன்னும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்லும். தூளை எடை போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடித்துக் கொடுப்பது அதன் வேலை. ருசி பார்ப்பது அதன் வேலை இல்லை. ஆனால் கழுவப் போகும்போது மிச்சத்தை ஒரு வாய் குடித்துப் பார்க்கும், அது எனக்குத் தெரியும். ஒருநாள் பெரிய மனுசன் மாதிரி, "அக்கா, நீங்களும் தொழிலைக் கத்துக்கங்க. எங்கூடவே குடிச்சுப் பார்த்து, இது எப்படின்னு சொல்லுங்க" என்றேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இலை வாட்டம் பத்தலைங்க சார், பச்ச வாடை அடிக்குது" என்றது. "பரவால்லையே" என்று தலையை ஆட்டிவிட்டு அதையே எழுதினேன். தினமும் இதுதான். வாத்தியார் வேசம் போட்டுக்கொண்டு மாணவியைப் பார்த்துக் காப்பி அடித்தேன். ஒவ்வொரு காலையும் யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

மூக்குப் போன நாற்பத்தோராவது நாள் ஸ்டாஃப் டூர் வந்தது. புதுச்சேரி. வேனில் மேனேஜர், பேக்கிங் சூப்பர்வைசர், அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர். சாயங்காலம் நான்கு மணிக்குக் கடலைப் பார்த்த ஒரு பாரில் உட்கார்ந்தோம். கால் மணலில், தலைக்கு மேல் ஓலைக் கூரை. அங்கேயே காய்ச்சுகிற பீர் என்று ஒரு பலகையில் நாலு குட்டிக் கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்கள். கோதுமையில் ஒன்று, மாம்பழம் போட்டது ஒன்று, செவசெவவென்று கசப்பாக ஒன்று, காபி வாசத்தோடு கறுப்பாக ஒன்று. அக்கா மேசைக் கோடியில் லைம் ஜூஸோடு உட்கார்ந்திருந்தது. ஓட்டல் டீ வாயில் வைக்க முடியாது என்று ஃபிளாஸ்க் நிறைய எங்கள் ஃபேக்டரித் தூளில் பால் சர்க்கரை இல்லாத தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

சூப்பர்வைசருக்குச் சும்மா இருக்க முடியாது. "ஏனுங்க, நம்மகிட்டதான் டேஸ்டர் இருக்காருல்ல! கண்ணக் கட்டி உடலாம். எது எதுன்னு கரெக்டா சொல்லட்டும் பாக்கலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"தலைவலிங்க, வேண்டாமுங்க" என்றேன்.

"அட, பிகு பண்ணாதீங்க" என்றபடி மேனேஜரே தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

கண்ணைக் கட்டியதும் நிறமும் போயிற்று, அக்காவின் முகமும் போயிற்று. அலைச் சத்தம் மட்டும் காதுக்குள் வந்து மோதியது. முதல் கிளாஸை வாயில் வைத்ததும், பாழாய்ப்போன பழக்கம், சர்ர்ரென்று உறிஞ்சிவிட்டேன். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். துப்பத் தொட்டி தேடிக் கை அலைந்தது. தொட்டி ஏது? விழுங்கினேன். நாக்கில் இனிப்பு ஒட்டியது. "மாம்பழம்." ஹோவென்று கத்தினார்கள். இரண்டாவது பயங்கரக் கசப்பு. "செவப்பு." மறுபடி கத்தினார்கள். மூன்றாவதில் இரண்டும் இல்லை. "கோதுமை." அதுவும் சரி. தப்பித்தோமடா சாமி என்று நினைத்தேன். இன்னும் ஒன்றுதானே, மிச்சம் இருப்பது கறுப்பு. குடிக்காமலேயே சொல்லலாம்.

நான்காவது கிளாஸ் கைக்கு வரக் கொஞ்சம் தாமதமானது. சில்லென்று இருந்தது. உறிஞ்சினேன். கசப்பு, நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. நுரை இல்லை என்பது கூட எனக்கு உறைக்கவில்லை. சும்மா சொல்லியிருந்தால் போயிருக்கும். நான் டேஸ்டர் இல்லையா, அளந்தேன். "கறுப்பு. நல்ல காபி வாசம். கடைசியில லேசா வறுத்த வாடையும் வருது."

யாரும் கத்தவில்லை.

கட்டை அவிழ்த்தேன். கறுப்பு பீர் தொடாமல் பலகையிலேயே இருந்தது. என் கையில் இருந்தது பளிச்சென்ற செம்மண் நிறம், அதில் இரண்டு ஐஸ் துண்டு. சூப்பர்வைசர் முன்னால் அக்காவின் தேத்தண்ணி ஃபிளாஸ்க் திறந்திருந்தது.

சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னங்க இது, நம்ம சரக்கு நமக்கே தெரியலீங்களா!"

"தெரியாமயா? வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க" என்றேன். சூப்பர்வைசர் நம்பிவிட்டார், அதற்கும் சேர்த்துச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அக்கா தலையைக் குனிந்தபடி ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தது.

அந்தப் பார்வையோடுதான் மறுநாள் திரும்பினோம். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறியபோது மேனேஜர் தன் முன் ஸீட்டை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பர்லியார் தாண்டி மேலே வந்து தைல மர வாசம் அடித்ததும் யாராவது ஜன்னலைத் திறந்து, "ஆஹா, ஊரு வந்துருச்சு" என்பார்கள். எல்லோரும் மூச்சை இழுப்போம். அன்றும் திறந்தார்கள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. நானும் மூச்சை இழுத்தேன். வெறும் குளிர்.

"வாசம் வருதுங்களா?" என்று மேனேஜர் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

திறந்த ஜன்னலை இழுத்து மூடினேன்.

"இல்லீங்க" என்றேன். "நாப்பது நாளுக்கு மேல ஆச்சுங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். "ஒரு கம்ப்ளைண்ட் கூட வரலீங்களே. அப்ப இத்தன நாளும் மார்க் போட்டது யாரு?"

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம், நிறத்தை வைத்துப் போட்டேன் என்று புளுகியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பின் ஸீட்டில் அக்கா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

"அக்காதானுங்க" என்றேன்.

மேனேஜர் திரும்பி ஒருமுறை பின்னால் பார்த்தார். "அப்ப நாளையிலிருந்து ஸ்பூன அவங்களே புடிக்கட்டும். நீங்க கப்பு வைங்க. மூக்கு வந்ததுக்கப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் தூளை நான் எடை போட்டேன், தண்ணீரை நான் ஊற்றினேன். விசயம் தெரிந்ததும் அக்கா ஸ்பூனைக் கையில் எடுத்தது. ஆம்பளைகள் முன்னால் சத்தமாக உறிஞ்ச வெட்கப்பட்டு முதல் கப்பில் சத்தமில்லாமல் குடித்தது. "சத்தமா இழுங்கக்கா, அப்பத்தான் வாசம் ஏறும்" என்றேன். இரண்டாவது கப்பில் ரூமே அதிர்ந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்து, "கருகல். எழுதிக்கங்க சார்" என்றது. எழுதினேன். கதவைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் சோப்பை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். மூக்கு திரும்பி வரவே வராதோ என்ற பயம் அப்படியே இருக்கிறது. வந்துவிட்டால் அக்கா கையிலிருந்து அந்த ஸ்பூனை எப்படித் திருப்பிக் கேட்பது என்ற பயமும் இப்போது கூடவே இருக்கிறது. போன வாரம் சோப்பில் ஏதோ லேசாக வந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.