குறிஞ்சிப்பிட்டிச் சந்தையில் வாப்பாவின் வெங்காயம்

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் என் சாச்சியும் (உம்மாவின் தங்கை) பாலாவியிலிருந்து பஸ் ஏறி, கற்பிட்டி வீதியில் குறிஞ்சிப்பிட்டி வரை போய் வந்தோம். ஒரே நாளில் மூன்று இடங்களில் மரக்கறி வாங்கினோம். மழைக்குப் பிறகு நட்ட வெங்காயத்தைக் கிண்டி எடுக்கிற காலம் இது. பீட்ரூட், பூசணி, வத்தகப்பழம் (தர்ப்பூசணி) எல்லாம் தோட்டங்களில் குவிந்து கிடக்கும். சித்திரைப் புது வருடம் நெருங்கினால் விலை ஏறிவிடும். அதற்குப் பிறகு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியாது. போவதென்றால் இந்த இரண்டு வாரங்களுக்குள் போய்விடுங்கள்.

நாங்கள் மரக்கறிக்காகப் போகவில்லை. வாப்பாவைத் தேடிப் போனோம். அதையும் எழுதாவிட்டால் இந்தப் பயணத்தில் நாங்கள் செய்தது எதுவும் உங்களுக்கு விளங்காது.

எங்கள் குடும்பம் 1990இல் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. நான் பிறந்தது பாலாவியில். யுத்தம் முடிந்த பிறகு, மன்னாரில் காணியைத் துப்பரவாக்கப் போகிறேன் என்று வாப்பா போனார். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு பெருநாளைக்கு வந்தார், பிறகு வரவே இல்லை. தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதும் அந்த வருடத்தில்தான். இப்போது ராத்தாவுக்கு (என் அக்காவுக்கு) மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது. நிக்காஹ் என்றால் பெண்ணின் தகப்பன் சம்மதம் சொல்லிக் கைபிடித்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சகோதரன் இல்லை, வாப்பாவின் வாப்பா மௌத்தாகிவிட்டார். வாப்பாவின் தம்பியிடம் கேட்டதற்கு, "நானா உசிரோட இரிக்கக்குள்ள நான் எப்பிடி வாய் தொறக்கிற?" என்று அண்ணனைக் காரணம் காட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

மௌலவி இரண்டு வழி சொன்னார். ஆள் இருக்கும் இடம் தெரிந்தால் அவரே வர வேண்டும், அல்லது சாட்சிகள் முன்னால் வேறு ஒருவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் மார்க்க நீதிபதியான காதியார் தகப்பனின் இடத்தில் நிற்கலாம். உம்மா இரண்டாவது வழிக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒரு லொறி ஓட்டுநர் வந்து, நுரைச்சோலைப் பக்கம் மரக்கறிச் சந்தையில் வாப்பாவைக் கண்டதாகச் சொன்னார்.

காலை 5.20க்கு முதல் பஸ். நுரைச்சோலைக்கு ஆளுக்கு 32 ரூபாய், அரை மணித்தியாலம். இருக்கை வேண்டுமென்றால் சந்தியில் நிற்காமல் கொஞ்சம் முன்னால் நடந்து போய் ஏறுங்கள். சாச்சி நான்கு வெறும் பைகள் கொண்டுவந்திருந்தா. எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"வெறுங்கையோட போய் ஆளைத் தேடினா சீஐடி எண்டு நெனப்பானுகள். ஒரு கிலோ வாங்கிட்டுக் கேட்டா வாய் தொறப்பானுகள். நீ பேசத் தேவல்ல. பையைத் தூக்கு."

நான் ஆட்களுடன் கதைக்கக் கூச்சப்படுகிறவள். பை தூக்குவது எனக்குச் சரி.

நுரைச்சோலையில் மொத்த வியாபாரம் நடக்கும் முற்றம் பிரதான வீதியிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆறு மணிக்கே லொறிகள் நிறைந்துவிடும். தோட்டக்காரர்கள் மூடை மூடையாக இறக்குவார்கள், கொழும்பு, தம்புள்ளை ஆட்கள் விலை பேசி ஏற்றுவார்கள். சில்லறையாக வாங்குகிறவர்கள் எட்டு மணிக்குப் பிறகு போவது நல்லது. லொறிகள் வெளிக்கிட்ட பிறகு, மூடையில் அடங்காததைத் தரையில் கொட்டி மலிவாகக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பொறுக்க நேரமில்லை. சாச்சி நேரே ஒரு முதலாளியிடம் போனா.

"நானா, பீட்ரூட் என்ன வெல?"

"எத்தின மூடை?"

"ஒரு கிலோ."

அவர் தராசைப் பார்த்தார், பிறகு சாச்சியைப் பார்த்தார். "தங்கச்சி, இது நகைக்கடை இல்ல."

பக்கத்தில் மூடை தூக்கியவர்கள் சிரித்தார்கள். சாச்சி அசையவில்லை. "அப்ப ரெண்டு கிலோ போடுங்க. பவுணுக்கு எவ்வளவு?" அதற்கு அவரும் சிரித்து, கிலோ 50 ரூபாய்ப்படி இரண்டு கிலோ கையாலேயே அள்ளிப் போட்டார். அப்போது சாச்சி கேட்டா, மன்னார் ஆள் ஒருவர் இங்கே மரக்கறி போடுகிறாராமே என்று.

"மன்னார் ஆள் எண்டா நானும்தான். அந்தா நிக்கிற டைவரும்தான். இஞ்ச கல்லெறிஞ்சா மன்னாரான்ட தலையிலதான் படும். எந்த மன்னார் ஆள்?"

"கபூர். எடது கையில சுண்டு விரல் இல்ல."

"ஓ, அவனா. அவன் ஞாயித்துக்கெழமைல இஞ்ச வாறல்ல. குறிஞ்சிப்பிட்டிச் சந்தையில வெங்காயம் போட்டு விக்கிறான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன முற?"

"சொந்தம்" என்றா சாச்சி.

நான் பீட்ரூட் பையைத் தூக்கிக்கொண்டேன். வாப்பா மன்னாரில் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிறார். தொலைவில் இருந்ததால் வரவில்லை என்று உம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பா.

அடுத்து வந்த பஸ் எத்தாளை வரைதான் (28 ரூபாய்). அங்கே இறங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். நீங்கள் நேரே கற்பிட்டி போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். ஆனால் எத்தாளையில் இறங்கினால் ஒரு நன்மை இருக்கிறது: வீதியோரத் தோட்டங்களில் படலை வாசலிலேயே வாங்கலாம். மணல் தரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெங்காயத் தாள் மடிந்து கிடந்தது. பூசணி கிலோ 25 ரூபாய், கறிமிளகாய் 100 ரூபாய், அப்போதுதான் பிடுங்கியது. தோட்டக்கார ஐயா பூசணியைத் தட்டிப் பார்த்து எடுத்துத் தந்தார்.

"தங்கச்சி ஒண்டும் கதைக்கமாட்டாவோ?" என்று சாச்சியிடம் கேட்டார்.

"ஊட்ட கதைப்பா. வெளியில கதைச்சா மீற்றர் ஓடும்" என்றா சாச்சி.

நான் சிரித்தேன். அந்த நாளில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குறிஞ்சிப்பிட்டிச் சந்தைக்கு 10.15க்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய சந்தை இல்லை. நான்கு வரிசை, மேலே தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருக்கும், நிலத்தில் சாக்கு விரித்துச் சாமானைக் குவித்திருப்பார்கள். ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் மரக்கறி. தோட்டக்காரர்களே விற்பதால் விலை குறைவு. ஒரு வழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: கொண்டுவந்த சாமானை இங்கே யாரும் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. குவியல் முடியும் வரை இருப்பார்கள். எங்காவது போக வேண்டியிருந்தால் பக்கத்துக் குவியல்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து ஆள் இரண்டையும் விற்பார். கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு வெங்காயக் குவியலுக்குப் பின்னால் ஆள் இல்லை. பக்கத்தில் கத்தரிக்காய் விற்ற பெண்ணிடம் சாச்சி அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினா. அவர் பெயர் ரோஸ். வன்னியிலிருந்து சண்டைக்குள் வந்து இங்கேயே இருந்துவிட்டவர்.

"அக்கா, இந்த வெங்காயம் ஆர்ட?"

"கபூர் அண்ணையின்ர. இப்ப இதில நிண்டவர், தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். வருவார், இருங்கோ."

"எடது கையில விரல்..."

"ஓம் ஓம், அவர்தான்."

இருந்தோம். சாக்கின் ஓரத்தில் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. தேநீர்க் கடை சந்தை வாசலில், இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அங்கே நின்ற ஆண்களில் வாப்பா இல்லை. பத்தரை ஆனது, பதினொன்றானது. சாச்சி போய் தேநீர்க் கடையில் விசாரித்துவிட்டு வந்தா. அப்படி யாரும் வரவில்லையாம். ரோஸ் அக்கா தன் தொலைபேசியில் அவருக்கு அழைத்தா. மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. இரண்டாவது தடவை அடிக்கவே இல்லை.

ரோஸ் அக்கா அப்போதுதான் எங்களை நன்றாகப் பார்த்தா. "நீங்கள் அவருக்கு ஆர்?"

சாச்சி என்னைக் காட்டி, "இது மகள்" என்றா.

ரோஸ் அக்கா கத்தரிக்காய்களை அடுக்கத் தொடங்கினா. அடுக்கியிருந்ததைக் கலைத்து மீண்டும் அடுக்கினா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னா: "அவருக்கு இஞ்சால ஒரு குடும்பம் இருக்கு பிள்ளை. கைக்குழந்தையும் இருக்கு. நீங்கள் அந்தப் பக்கத்தால வரேக்க அவர் எழும்பினவர். செருப்பையும் போடாமல் போறாரே எண்டு நானும் பார்த்தனான்."

நான் செருப்பைப் பார்த்தபடி இருந்தேன். சாச்சி எழுந்து சந்தை வாசலைப் பார்த்தா.

அதற்குள் ஒரு பெண் வந்து குவியலுக்கு முன்னால் குந்தினா. "மகள், வெங்காயம் எவ்வளவு?" என்னைத்தான் கேட்டா. நான் ரோஸ் அக்காவைப் பார்த்தேன். "தொண்ணூறு எண்டு சொல்லும்" என்றா அவ. சொன்னேன். அந்தப் பெண் இரண்டு கிலோ கேட்டா. ரோஸ் அக்கா தராசை என் பக்கம் தள்ளினா. அள்ளி வைத்தேன். சின்ன வெங்காயம், நல்ல சிவப்பு, மண் காய்ந்து உதிர்ந்தது. வாப்பா கிண்டி, காயவைத்து, தாள் வெட்டிய வெங்காயம்.

சாச்சிக்கு அதில் வழி கிடைத்தது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் சாச்சி வேலை செய்வா. சாக்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, "வாங்க வாங்க, தம்புள்ளை பெரிய வெங்காயம் இல்ல, குறிஞ்சிப்பிட்டி சின்ன வெங்காயம், கண்ணீர் வராட்டிக் காசு வாபஸ்!" என்று கூவத் தொடங்கினா. ஆட்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ரோஸ் அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. நான் அளந்தேன், சாச்சி கட்டிக் கொடுத்தா, ரோஸ் அக்கா காசை வாங்கித் தன் மடியில் தனியாக முடிந்தா. வாப்பா வந்து பார்த்தால், நாங்கள் சண்டைக்கு வரவில்லை, அவருடைய வியாபாரத்தைக் கெடுக்கவில்லை என்று விளங்கிக்கொள்வார் என சாச்சி நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு கிலோவையும் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தேன்.

நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னபோது சாக்கில் சருகு மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா, உங்கட அண்ணன் வித்திருந்தா பின்னேரம் ஆகியிருக்கும்" என்று சாச்சி கையைத் தட்டினா.

ரோஸ் அக்கா சாக்கைப் பார்த்தா. "வித்தது சரி. இனி என்னத்துக்கு அவர் வரப்போறார்? தராசு என்ர. காசும் என்ர மடியில. நான் போற வழியில வீட்டில குடுத்திட்டுப் போவன் எண்டு அவருக்குத் தெரியும்."

வெங்காயம் கிடந்திருந்தால் சந்தை கலையும்போதாவது அவர் வந்தே ஆக வேண்டும். நாங்களே அதை விற்று முடித்துவிட்டோம்.

அந்த வீடு எங்கே என்று சாச்சி கேட்டா. ரோஸ் அக்கா சொல்லவில்லை. "கைக்குழந்தைக்காரி. அவளுக்கு உங்களைப் பற்றித் தெரியுமோ எண்டும் எனக்குத் தெரியாது. விசயத்தை நான் அவரிட்ட சொல்லுறன், அது என்ர பொறுப்பு" என்றா. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வரச் சொல்லி, மூத்த மகளின் நிக்காஹ் என்று சொல்லி, வர முடியாவிட்டால் பள்ளிவாசலுக்குப் போய் சாட்சிகள் முன்னால் தம்பிக்கு அனுமதி கொடுக்கச் சொல்லி, சாச்சி ஒன்றை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தா. சந்தை கலையும் வரை இருந்தோம். செருப்பை ரோஸ் அக்கா தன் கூடையில் எடுத்து வைத்தா. 4.10 பஸ்ஸில் ஏறினோம். பாலாவிக்கு ஆளுக்கு 64 ரூபாய்.

பஸ்ஸில் சாச்சி என் காதுக்குள் சொன்னா: "நாம ஆளைக் காணல்லதானே. காணல்ல எண்டே மௌலவிட்ட சொல்லுவம். காதியார் செஞ்சு வைப்பார்."

ஆனால் வீட்டில் உம்மா கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை, சாச்சியாலும் முடியவில்லை. உம்மா எல்லாவற்றையும் கேட்டா, கைக்குழந்தை விசயத்தையும் கேட்டா. "உசிரோட இரிக்கார், எடமும் தெரியும். இனித் தெரியா எண்டு எப்பிடி அல்லாஹ்ட பேர்ல சொல்ற?" என்றா. ராத்தா எழுந்து போய் நாங்கள் கொண்டுவந்த பைகளைப் பிரித்து, பீட்ரூட்டைக் கழுவத் தொடங்கினா. நாங்கள் போகாமலே இருந்திருந்தால் காதியார் வழி இருந்திருக்கும். தேடிப் போய் அதை அடைத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை வாப்பா வரவில்லை. பள்ளிவாசலுக்கும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். பூசணிக்காய்க் கறி நன்றாயிருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். எத்தாளையில் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளையின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அவசரப்படுத்துகிறார், வேறு இடமும் பார்த்திருக்கிறோம் என்று சொல்லி பின்னேர அசர் தொழுகைக்கு முன் எழுந்து போனார்கள். ராத்தா கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு, எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. அவ அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: இருவருக்கும் பஸ்ஸுக்கு 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சில்லறையாகக் காசு கொண்டுபோங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். பெண்கள் தனியாகப் போகலாம், யாரும் தொந்தரவு செய்யவில்லை. பூசணி எத்தாளையில் வாங்குங்கள், வெங்காயம் குறிஞ்சிப்பிட்டியில். காய்ந்த வெங்காயமாகப் பார்த்து வாங்கினால் மூன்று மாதம் இருக்கும்.

யாரையாவது தேடிப் போகிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். அவருடைய குவியலைக் கண்டால் அதில் ஒரு கிலோவும் விற்கவிடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.