பரண் நிறையப் பைகள்

தாராவியில் எங்கள் சந்தில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவள் பேராச்சி. கீழே நாலு மெஷின், தலைக்கு மேலே மரப்பரண். வாய் நீளம், மனசு தங்கம். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. எதிரே இஸ்திரிக்கடை வைத்திருக்கும் எனக்கே அது இந்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் மொத்தமாகப் பை வாங்கும் தாதர் சேட் சரக்கு எடுக்கமாட்டார். மெஷினையும் நிறுத்திவிடுவதுதான் புத்தி. ஆனால் எங்கள் சந்தில் யாரும் நிறுத்துவதில்லை. சும்மா உட்காரவைத்தால் தையல்காரர்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள், பிறகு திரும்பமாட்டார்கள். அந்தப் பயத்தில் பேராச்சி தைக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். தைத்ததெல்லாம் பரணில் ஏறியது.

"அடுத்த சீசனுக்கு ஆவும்லா" என்பாள்.

போன வருஷப் பைகளும் அங்கேதான் கிடந்தன. அதில் போட்டிருந்த பொம்மைப் படத்தை இப்போது எந்தப் பிள்ளையும் சீந்துவதில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை குறைத்தால் சேட் அதையே விலையாக்கிவிடுவார் என்று அதற்கும் பயந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குத் தலைக்கு மேல் கனம், உட்கார்ந்த இடத்திலேயே பயம்.

ஜூலையில் விடாத மழை. கூரை ஒழுகி, பைகளெல்லாம் ஈரத்தில் ஊறின. ஒரு மத்தியானம், ஆரம்பத்திலிருந்து அவளிடம் தைக்கும் ஹாஃபிஸாவின் துணியில் மரத்தூள் உதிர்ந்தது. ஹாஃபிஸா அதை ஊதிவிட்டு மறுபடி தைத்தாள். பேராச்சி அண்ணாந்து பார்த்தாள். நடு உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க! பைய விட்டுட்டு ஓடுங்கட்டி!"

அவள் போட்ட கூச்சலில் நானும் ஓடிவந்தேன். எல்லோரும் சந்தில் மழையில் நின்றோம். மெஷின்கள் ஓய்ந்ததும் பரண் முனகுவது வாசல்வரை கேட்டது.

"இப்படியா சத்தம் போடுது?" பேராச்சி ஹாஃபிஸா பக்கம் திரும்பினாள்.

"சாப்பாட்டு நேரத்துல மெஷின் நிக்கும்லா, தெனமும் கேக்கும்க்கா" என்றாள் ஹாஃபிஸா. "நீங்க அப்போ வீட்டுக்குப் போயிருவிய."

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தைக்கத நிப்பாட்டிருவியளோன்னு பயமா இருந்துச்சு."

மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்தது. பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாஃபிஸா அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு வேலைக்கு வரலாம்லாக்கா?"