எடுத்த இடத்தில் வைக்காதே

பக்கத்து வீட்டு அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். கேமராவில் பழைய மூட்டைப் படங்களை அழிக்கப் போய், மெமரி கார்டு முழுவதையும் அழித்துவிட்டு என்னிடம் வந்தார். மற்றவை போனால் போகட்டும், ஒரு படம் மட்டும் வேண்டும் என்றார். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவர் மனைவி, குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு, கையில் மிளகாய் பஜ்ஜியோடு சிரித்த ஒரே படம்.

அழிந்த கோப்புகளை மீட்க ஓர் இலவசக் கருவி உண்டு. பொத்தான்கள் கிடையாது, கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதன் உதவிக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் தாலுகா ஆபீசில் இருந்தவன் எதையும் படிக்காமல் தொடுவதில்லை. மீட்டதை வைக்கும் இடத்தைக் குறிப்பிடுக என்று மட்டும் இருந்தது. ரிக்கார்டு ரூமில் என் கையெழுத்தோடு ஒட்டிய அறிவிப்பு நினைவுக்கு வந்தது: எடுத்த கோப்புக் கட்டை எடுத்த இடத்திலேயே வைக்கவும். அதே கார்டைக் குறிப்பிட்டேன்.

பத்துப் படங்கள் வந்த பிறகுதான் உறைத்தது. மீட்ட ஒவ்வொரு படமும், இன்னும் மீளாத ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவசரமாக நிறுத்திவிட்டு, வேறு பென்டிரைவைச் செருகி மறுபடி ஓட்டினேன். அண்ணாச்சியிடம் விதிப்படிதான் நடக்கிறது என்றேன். எந்த விதி என்று அவர் கேட்கவில்லை.

அந்தப் படம் வந்தது, மேல் பாதி மட்டும். துண்டு, நெற்றி, சிரிப்பு. கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மொகம் இருக்குல்லா சார். போதும்," என்றார் அண்ணாச்சி.

எட்டிப் பார்த்த அவர் மனைவிக்கு அதைவிடத் திருப்தி. "நல்லவேள, பஜ்ஜி தெரியல. எண்ணெய்ப் பலகாரம் திங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இதையே மாட்டுங்க."

மாட்டியிருக்கிறார்கள்.

அன்றே கருவியை எழுதியவருக்கு, உதவிக் குறிப்பைத் திருத்தி மூன்று பக்கம் அனுப்பினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. நன்றி சொல்லி, ஒரே வரியை எடுத்துக்கொண்டார்: மீட்ட கோப்புகளை அவை அழிந்த இடத்திலேயே சேமிக்காதீர்கள். மீதியை ஏன் தள்ளினார் என்று நினைவூட்டல் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இப்போது அந்தக் கருவியிடம் உதவி கேட்டால் முதலில் வருவது அந்த வரிதான். அதற்காக ஒரு மிளகாய் பஜ்ஜி பலியானதைக் குறிப்பிட மட்டும் அங்கே இடம் தரவில்லை.