தகரக் கொட்டகையில் ஒரு ஜெட் ஸ்கீ

ஃபைபர் வேலையில் செய்த தப்பை மூடி மறைக்க முடியாது. அரை மணி நேரத்தில் அது கல்லாக இறுகி, செய்தவனையே முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிடும். வீட்டிலேயே தொழில் வைத்துக்கொண்டு, தட்டில் சோறு போட்ட பிறகும் கையில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் பேட்டர்ன் மேக்கர். ஷூவின் மேல்பாகத் தோலை வெட்டுவதற்கு அட்டையில் அளவு போட்டுக் கொடுக்கிற வேலை. போன வருஷம் பொங்கல் முடிந்ததும் அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஃபைபர் வேலையில் இறங்கினேன். தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை அடைப்பது, வேன் பம்பர் ஒட்டுவது என்று நாள் ஓடிக்கொண்டிருந்தபோது விக்டர் வந்தான். எங்கள் தெருவில் அவனுடைய அக்கா வீடு இருக்கிறது. அவனுக்குச் சென்னைப் பக்கம் கடற்கரையில் ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பந்தயத்துக்கும் போவான். அவன் வண்டி, ஒரே ஆள் நின்றுகொண்டு ஓட்டுகிற வகை. அதன் உடம்பு நடுவில் விரிசல் விட்டுவிட்டது. எஞ்சினை வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் புதிதாக, அவன் அளவுக்குச் செய்து தர வேண்டும் என்றான். வெறும் உடம்பு பதினெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. நான் நீச்சல் தெரியாதவன், கடலை மொத்தம் மூன்று முறை பார்த்தவன். சரி என்று சொல்லிவிட்டேன்.

என் பழைய சூப்பர்வைசர் மணி சார், தீபாவளிவரை என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். என் மனைவி செல்வி அதே ஃபேக்டரியில் தையல் லைனில் இருக்கிறாள். விக்டரின் வண்டி ஒழுங்காக வந்தால் எனக்கு இது தொழில். வராவிட்டால், ‘போட் செய்யப் போனவர்’ என்ற பட்டத்தோடு அதே கேட்டில் மறுபடி நுழைய வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

தையல் மார்ஜின்

முதலில் தெர்மோகோலை வண்டியின் வடிவத்துக்கு அறுத்து, பட்டி பூசித் தேய்த்து, அதன்மேல் மோல்டு, அதாவது அச்சு, எடுக்க வேண்டும். அறுப்பதற்கு அட்டையில் அளவு வேண்டும். அது எனக்குக் கைவந்த கலை. ஷூவுக்குச் செய்வதுபோலவே பாதி உடம்புக்கு அட்டை வெட்டினேன், அதையே புரட்டிப் போட்டு மறுபாதியை எடுத்தேன். மூன்று நாள் அறுத்து முடித்து, பழைய வண்டியின் எஞ்சின் மூடியைத் தூக்கி மேலே வைத்தால் சுற்றிலும் இடைவெளி. டேப்பைத் திட்டினேன். அளவு சொன்ன விக்டரைத் திட்டினேன். கடையில் தெர்மோகோல் கொடுத்தவனைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த செல்வி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய வண்டியின் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். ஓரம் முழுக்க எட்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. தோலை மடித்துத் தைப்பதற்காக நாங்கள் விடுகிற மார்ஜின்! பதினெட்டு வருஷப் பழக்கத்தில் என் கை அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது. செல்வி சிரிக்காமல் சொன்னாள்: “மார்ஜின் கரெக்டாத்தான் விட்டிருக்கீங்க. இதை எந்த மெஷின்ல தைக்கணும்னு சொல்லுங்க, நாளைக்கே லைன்ல ஏத்திடுறேன்.”

பக்கத்து வீட்டுப் புகார்

எங்கள் தெருவில் காற்று ஒரு பக்கமாக அடித்தால் தோல் பதனிடும் தொழிற்சாலையின் வாசனை வரும். இன்னொரு பக்கமாக அடித்தாலும் வரும், அது வேறு தொழிற்சாலை. பக்கத்து வீட்டு பஷீர் பாய் நாற்பது வருஷம் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு எடுத்தவர். அவர் ஒரு நாள் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு என் கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஃபைபர் துணியில் பூசுகிற ரெசின் பசையின் நாற்றம் தாங்கவில்லையாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேஜாராம்.

அன்றைக்கு அடித்த காற்றில் ரெசின் வாசனை எனக்கே தெரியவில்லை. “பாய், இத்தனை வாசனையில இது மட்டும் உங்களுக்குத் தனியாத் தெரியுதா?” என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் கர்ச்சீப்பைக் கீழே இறக்கிவிட்டு, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: “அது நம்ம ஊரு வாசனைப்பா. இது வெளியூர் நாத்தம்.”

பக்கெட்

ரெசினில், அதை இறுகவைக்கிற ஹார்டனரை எவ்வளவு கலக்க வேண்டும் என்று டின்னிலேயே எழுதியிருக்கும். எழுதிய மனிதர் எந்தக் குளிர்ப் பிரதேசத்தில் இருந்தாரோ தெரியாது. அக்னி நட்சத்திரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு அவர் சொன்னபடியே ஒரு பக்கெட் நிறையக் கலக்கினேன். அந்த நேரம் பார்த்து விக்டர் போன் செய்தான். பேசிவிட்டுத் திரும்பினால் பக்கெட்டிலிருந்து புகை வருகிறது. பிரஷ் நடுவில் நட்ட கொடிக்கம்பமாக நிற்கிறது. பிளாஸ்டிக் பக்கெட் உருகி வழிய, உள்ளே இருந்தது அதே வடிவத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட நாளில்தான் பெரிய மனிதர்கள் நம்மைப் பார்க்க வருவார்கள். மணி சார் “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று உள்ளே நுழைந்தார். நான் மறைத்துக்கொண்டு நின்றும் பார்த்துவிட்டார். சுற்றி வந்தார், குனிந்து தட்டிப் பார்த்தார். சாம்பிளை அப்ரூவ் பண்ணுகிற அதே குரலில் சொன்னார்: “பக்கெட் அருமையா வந்திருக்குப்பா. ஜெட் ஸ்கீ எதுக்கு? இதையே பண்ணு.”

அதற்குப் பிறகு விடிகாலையில் மட்டும், டீ டம்ளர் அளவில் கலக்கி வேலை செய்தேன்.

கேட்காத இரண்டு லேயர்

மோல்டு தயாரானதும் விக்டர் கணக்குச் சொல்லிவிட்டான். ஃபைபர் துணி இரண்டு லேயர், நடுவில் ஃபோம் ஷீட், உள்ளே கார்பன் துணி ஒரு லேயர். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். நானும் அப்படித்தான் போட்டேன். இறுகியதும் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். தோலைத் தரம் பார்க்கிற பழக்கம். லேசாக உள்வாங்கியதுபோல் இருந்தது.

அதோடு என் நிம்மதி போயிற்று. அந்த மெல்லிய தகட்டின் மேல் ஒரு பையன் நின்றுகொண்டு, பைக் வேகத்தில், ஆழமான தண்ணீரில் போகப்போகிறான். அது பிளந்தால்? அவன் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் இன்னும் ஒரு லேயர் போட்டேன். அதற்கும் அடுத்த நாள் இன்னொன்று. மோல்டிலிருந்து கழற்றும்போது செல்வியும் பஷீர் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பாய் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “லேசா செய்றேன்னுதானே சொன்னே?”

காயலான் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோ. விக்டரிடம் நான் சொல்லவில்லை.

மீன் குத்தகை

பாலாற்றில் ஜெட் ஸ்கீயைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்குச் சக்கரம் வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் பெய்த மழையில் குடியாத்தம் போகிற வழியில் ஓர் ஏரி நிரம்பியிருந்தது. மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இது தண்ணீருக்குள் போகுமா என்று கேட்டார், மேலேதான் என்றேன். வலை போடுமா என்று கேட்டார், போடாது என்றேன். அப்புறம் எதற்கு என்று கேட்டார், நான் ஏரியைப் பார்த்தேன். கடைசியில் மனமிரங்கி விரலை நீட்டினார்: “ஒரு மணி நேரம். மீனுங்க ஏதாச்சும் பயந்து இளைச்சிடுச்சுன்னா நீதான் பொறுப்பு.”

கரையில்

விக்டர் இரண்டு நாள் முன்னதாகவே வந்து எஞ்சினைப் பொருத்தியிருந்தான். நான் ஏதேதோ வேலை சொல்லிக்கொண்டு அவன் கண்ணில் படாமல் இருந்தேன். ஏரிக்கரையில் வண்டியை இறக்க ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். தூக்கியதும் அவன் என்னை ஒரு முறை பார்த்தான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வண்டி மிதந்தது. ஓடியது. அவன் மண்டியிட்டு, எழுந்து நின்று, ஏரியைச் சுற்றி வந்தபோது கரையில் ஆடு மேய்த்தவர்களெல்லாம் விசில் அடித்தார்கள். நான் மட்டும் விசில் அடிக்கவில்லை. திரும்பும் இடங்களில் அவன் உடம்பை வளைத்து இழுப்பதும், வண்டி யோசித்து யோசித்துத் திரும்புவதும் கரையிலிருந்தே தெரிந்தன. அவன் வந்து இறங்கியதும், அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். “ரெண்டு லேயர் ஜாஸ்தி போட்டுட்டேன் தம்பி. உன்னைக் கேக்கலை. நீ விழுந்து, அது உடைஞ்சு, உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம். ஏழு கிலோ கூடிப்போச்சு. தப்புதான்.”

செல்வி துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைத் துடைத்தான். வண்டியின் அடியில் குனிந்து விரலால் சுண்டிப் பார்த்தான். பந்தயத்துக்கு இது ஆகாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். ஆனால், புதிதாகக் கற்க வருகிறவர்கள் நாளெல்லாம் பாறையில் கொண்டுபோய் மோதுவார்களாம், அவர்களுக்கு இதை வைத்துக்கொள்கிறேன் என்றான். மோல்டு நன்றாக வந்திருக்கிறதாம். அதிலேயே பந்தயத்துக்கு இன்னொன்று எடுக்க வேண்டுமாம். கிளம்பும்போது என் தோளில் ஈரக் கையை வைத்தான்: “அண்ணா, அடுத்ததுல ரெசின் போடுங்க, கார்பன் போடுங்க. உங்க பயத்தை மட்டும் போடாதீங்க.”

கேட்டில்

வேலையை விட்ட நாளிலிருந்து செல்வி என்னைப் பாராட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. யாராவது விசாரித்தால் “இன்னாவோ பண்றாரு” என்று மட்டும் சொல்வாள். அந்த ‘இன்னாவோ’ எனக்குள் முள்ளாகக் கிடந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஃபேக்டரி கேட்டில் மணி சார் அவளை நிறுத்தி, நான் எப்போது வந்து சேர்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அவரே போன் செய்து என்னிடம் சொன்னார்: “அவர் வரமாட்டார் சார். அவருக்கு ஆர்டர் இருக்குது.”

சக பாவிகளே, இரண்டாவது வண்டி இப்போது மோல்டில் இருக்கிறது, கட்டை விரலால் அழுத்திப் பார்க்காமல் இருப்பதற்காகக் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.